சாய்மனைக் கதிரையும் அம்மாயியும்

பதுளை டவுன்ல ஒரு பழைய சாமான் கடையில் 2,500 ரூபாய்க்கு ஒரு சாய்மனைக் கதிரை வாங்கினோம். கை ரெண்டும் நீளம். காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டு சாயலாம். "தோட்டத்துப் பங்களா சாமான் தம்பி" என்றார் கடைக்காரர். உண்மையோ, வியாபாரப் பேச்சோ! ஆனால் தோட்டத் துரைமார் வராந்தாவில் சாய்ந்திருந்தது இந்த மாதிரிக் கதிரையில்தான்.

குஷனைப் பிரிக்கும்போதுதான் வரலாற்றுப் பாடம் ஆரம்பமானது. மேலே கிழிந்த ரெக்சீன், அதற்குக் கீழே பொடிப்பொடியாய் உதிரும் ஸ்பொன்ஜ், அதற்கும் கீழே சாக்கும் தும்பும். எல்லாத்தையும் எடுத்த பிறகு சட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அதாவது, முதலில் இது பிரம்பு பின்னின கதிரை. பிரம்பு அறுந்ததும் யாரோ தும்பு அடைத்திருக்கிறார்கள். அவருக்குப் பிறகு இன்னொருவர் ஸ்பொன்ஜ் வைத்திருக்கிறார்.

பிரம்புக்கும் ஒரு பயணம் இருக்கு. தென்கிழக்காசியப் பிரம்பை 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து, ஆங்கிலக் கம்பனிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதால் அங்கே பிரம்புக் கதிரை பரவியது. பிறகு அதுவே காலனி நாடுகளின் துரை வீடுகளுக்குப் பொருத்தமான சாமானானது. ஈரமும் பூச்சியும் உள்ள இடத்தில் அடைத்த மெத்தை சீக்கிரம் கெடும், பிரம்பில் காற்று ஓடும். 'கதிரை' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. மேசை, அலுமாரி, ஜன்னலும் அப்படித்தான்.

ஊவாவின் தேயிலைக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 1869இல் கண்டறியப்பட்ட இலை நோயால் கோப்பி அழிய, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. 1924இல் ரயில் பதுளை வரை வந்தது. அப்புத்தளை அதிசம் பங்களாவை சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டினார். அதன் வரவேற்பறையையும் நூலகத்தையும் இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காலத்து லயக் காம்பரா வேறு கதை. 10க்கு 12 அடி அறையில் ஒரு முழுக் குடும்பம். அதில் கதிரை போட எங்க இடம்?

எங்களில் ஒருத்தியின் அம்மாயியிடம் கேட்டோம். "கதிரையா? தேயிலைப் பெட்டியைச் சரிச்சு வச்சா அலுமாரி, கவுத்துப் போட்டா முக்காலி" என்று சிரித்தார். துரை முன்னாடியும் கணக்கப்பிள்ளை முன்னாடியும் நின்றுதானாம் பேசணும்.

1948 குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன. அம்மாயியின் அண்ணன் குடும்பமும் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. கொண்டுபோக முடியாத சாமானை லயத்திலேயே கிடைத்த விலைக்குக் கொடுத்தார்களாம். அதில் ஒரு மர பெஞ்சை அம்மாயி வாங்கி வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு வந்த முதல் இருக்கை அது.

ஞாயிறு சந்தையில் தரையில் ரப்பர் சீட் விரித்து முதல் கடை போட்டோம். மூன்று கதிரை, இரண்டு முக்காலி. சாய்மனைக் கதிரைக்குத் திரும்பப் பிரம்பு பின்னக் கைகாசு போதவில்லை, அதனால் புதுத் தும்பும் துணியும்தான். "பிரிட்டிஷ் காலத்துத் துரை கதிரை" என்று அட்டை எழுதி வைத்தோம். அப்படி எழுதினால் நல்ல விலை போகும் என்ற நினைப்பு.

மத்தியானம் வரை எதுவும் விற்கவில்லை. வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு வயசான ஐயா மட்டும், "உக்காந்து பாக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகுகூட நுனியில்தான் உட்கார்ந்தார்.

அம்மாயி வந்து அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "துரை கதிரைன்னா, இதைச் செஞ்சவன் யாரு? துடைச்சவ யாரு?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. செய்தவர் பெயரும் துடைத்தவர் பெயரும் கதிரையில் எங்கேயும் இல்லை.

அட்டையைத் திருப்பி, பிரித்தபோது கண்டதை மட்டும் எழுதினோம்: பிரம்பு, தும்பு, ஸ்பொன்ஜ், இப்போ மறுபடி தும்பு. நான்கு தடவை வேலை செய்த கைகள்.

அன்றைக்கு ஒரு முக்காலிதான் விற்றது. சந்தைக் காசும் பஸ் காசும் கழித்தால் நஷ்டம். சாய்மனைக் கதிரை இன்னும் எங்களிடம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாயி சந்தைக்கு வந்தால் அதில் உட்காருகிறார், நன்றாகவே சாய்ந்து.

உங்க வீட்டில் பழைய பெஞ்சோ தேயிலைப் பெட்டியோ இருந்தால், தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.