மஞ்சள் பொடி

போன் கையிலிருந்து விழுந்து மூலையில் மயிரிழை விரிசல். இரண்டு நாளில் அதன் ஓரம் மை ஊறினாற்போல் கறுத்தது. மதுரங்குளியில் போன் திருத்தும் பையன் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே போய்ட்டு நானா. காத்துப் பட்டா இது நிக்காது" என்றான். களப்புக் காற்று சைக்கிள் செயினையே விட்டுவைப்பதில்லை.

தானே ஒளிரும் இந்த வகைத் திரையின் மூதாதை ஒரு மஞ்சள் பொடி. ஒரு கரைசலில் அலுமினியம் எவ்வளவு என்று நிறுத்தறிய, ஒக்சீன் என்ற சேர்மத்தை ஊற்றி வீழ்படிவாக்கும் ரசாயன ஆய்வுகூடங்களில் அது பழைய ஆள். வடித்து, உலர்த்தி, நிறுத்தபின் யாருக்கும் வேண்டாதது. புறஊதா ஒளியில் பச்சையாக மினுங்கும், அவ்வளவுதான்.

1987இல் அமெரிக்காவில் கொடாக்கின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் அதை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைத்தார்கள். 1963இல் அந்திரசீன் பளிங்கை மின்சாரத்தால் ஒளிரவைக்க 400 வோல்ட் வரை வேண்டியிருந்தது. இவர்களுக்கு 10 வோல்ட்டுக்குள் முடிந்தது. சூட்சுமம் அடுக்கில். கீழே 75 நானோமீற்றருக்கு டயமீன் வகைச் சேர்மம், மேலே 60 நானோமீற்றருக்கு நம் பொடி. டயமீன் நேர்மின் துளைகளைக் கடத்தும், பொடி இலத்திரன்களைக் கடத்தும். இரண்டும் அடுக்குகள் முட்டும் இடத்தை ஒட்டிச் சேர, ஒளி அங்கே பிறக்கிறது. பொடிக்கு மேலுள்ள உலோக மின்முனையின் பக்கத்தில் சேர்ந்திருந்தால் உலோகமே அதை அணைத்துவிடும். ஆனால் அந்த மின்முனைக்கு வேண்டிய, இலத்திரனை எளிதில் விடும் உலோகம் ஈரத்துக்கும் எளிதில் இரையாகும். பையன் சொன்ன காற்றின் கதை இதுதான்.

பொடி லண்டனுக்கும் போனது. அங்கே பூபதி கதிர்காமநாதன் அலுமினியத்தின் இடத்தில் சிர்க்கோனியத்தை வைத்தார்: ஒக்சீனைப் பிடிக்க மூன்று கைக்குப் பதில் நான்கு. இலத்திரன் கடத்தும் அடுக்குக்கான சரக்கு அது. காப்புரிமைப் பத்திரத்தில் அந்தத் தமிழ்ப் பெயரைப் பார்த்தபோது, ஊர்ப் பேரைப் பஸ் பலகையில் கண்ட மாதிரி இருந்தது.

அடுக்கும் வேலையையே குறைக்க 1995இல் பெய்யும் ஹீகரும் கூட்டாளிகளும் வேறு வழி பார்த்தார்கள். ஒளிரும் பொலிமரோடு லிதியம் உப்பைக் கலந்தார்கள். வோல்ட் கொடுத்தால் அயன்கள் தாமே நகர்ந்து இருபுறமும் ஒதுங்கி, வேண்டிய சந்தியை உள்ளேயே கட்டிக்கொள்ளும். உப்பளத்து மாவட்டக்காரனுக்கு இதுதான் பிடிக்கிறது. ஆனால் அயன் ஊர்ந்து சேரும்வரை விளக்குக் காத்திருக்க வேண்டும், ஆயுளும் குறைவு.

என் போனில் அந்தப் பழைய பொடியே இருக்குமென்றில்லை. சரக்கு மாறிவிட்டது, அடுக்கும் யோசனை மாறவில்லை. புது டிஸ்ப்ளேயின் விலையைக் கேட்டதும் விரிசல்மேல் செலோடேப் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று காலை கறுப்பு, நேரம் காட்டும் இடத்தைத் தொட்டிருந்தது.