சீவிய மெழுகும் அழியாத பெல்ட்டும்: அலுவலக ஒலிப்பதிவுக் கருவியின் வரலாறு

எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபை உருவாக்கினார். மறு ஆண்டு அதன் பயன்களை ஓர் இதழில் பட்டியலிட்டபோது, சுருக்கெழுத்தர் உதவியின்றிக் கடிதம் சொல்வதையே முதலில் வைத்தார். இசைக்கு நான்காவது இடந்தான். ஒலிப்பதிவின் கதையை இசைத்தட்டின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அலுவலகத்திலோ ஒலியின் இனிமை யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. பதிந்த குரலை அழிப்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வியே அங்கு கருவியின் வடிவத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எடிசன் குரலைப் பதித்த வெள்ளீயத்தாள் சில முறை ஓட்டினாலே பாழாகிவிடும். வாஷிங்டனில் வோல்டா ஆய்வகத்தைச் சேர்ந்த சிசெஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் சம்னர் டெயின்டரும் மெழுகில் செதுக்கிப் பதியும் முறைக்கு 1886இல் காப்புரிமை பெற்றனர். அதை வணிகமாக்க முன்வந்தவர்களுள் ஜேம்ஸ் கிளெஃபேன் ஒருவர்; அவரே நீதிமன்றச் சுருக்கெழுத்தர். சொந்தத் தொழிலுக்கே உலை வைத்தவர் என்று சிரிக்கலாம். ஆனால் குறிப்புகளை இரவெல்லாம் படியெடுக்கும் சலிப்பு அவரைப்போல யாருக்குத் தெரிந்திருக்கும்?

'டிக்டாபோன்' என்ற பெயரைக் கொலம்பியா நிறுவனம் 1907இல் வணிகக்குறியாக்கியது. எடிசன் தரப்பிலிருந்து 'எடிஃபோன்' வந்தது. ஏற்பாடு இரண்டிலும் ஒன்றே. அதிகாரிக்குப் பேசும் இயந்திரம், தட்டச்சருக்குக் கேட்கும் இயந்திரம், இவற்றோடு சீவும் இயந்திரம் ஒன்று. கடிதம் தட்டச்சாகி முடிந்ததும் மெழுகு உருளையை அதில் மாட்டி, மேற்பரப்பை மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டால் மீண்டும் பேசலாம். காகிதந்தான் ஆவணம்; குரல் அதுவரைக்குமான கைமாற்று. அக்கால அலுவலகக் குரல்கள் இன்று அரிதாகவே கிடைப்பதற்கு இந்தச் சிக்கனமும் காரணம்.

1947இல் இந்தக் கணக்கு தலைகீழானது. அவ்வாண்டு வந்த டிக்டாபோன் 'டைம்-மாஸ்டர்' மெழுகைக் கைவிட்டு, மூன்றரை அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குலச் சுற்றளவும் கொண்ட பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துக்கொண்டது. 'டிக்டாபெல்ட்' எனப்பட்ட அதில் பதினைந்து நிமிடம் பேசலாம். கருவியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பழைய உருளைதான் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பெல்ட்டை மாட்டி இறுக்க இரண்டு உருளைகள், சுழற்ற மோட்டார், ஊசியை மெல்ல நகர்த்தும் திருகுமரை, குரலைப் பெருக்க வால்வுகள். மெழுகில் ஊசி செதுக்கிச் செல்லும், தூள் உதிரும். பெல்ட்டிலோ அது பிளாஸ்டிக்கை அழுத்தித் தடம் போடுகிறது. ஒரு துகள் வெளியே வராது. மடித்து உறையிலிட்டுத் தபாலில் அனுப்பலாம். ஆனால் போட்ட தடத்தை எடுக்க வழியில்லை. வாய் தவறினால் திருத்தத்தையும் சொல்லிவிட்டு, எந்த இடம் என்று ஒரு காகிதப்பட்டையில் குறியிட வேண்டும். தட்டச்சர் அப்பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இந்தக் குறையையே நிறுவனம் நிறையாக விற்றது: யாரும் அழிக்க முடியாது, ஆகவே நம்பலாம்.

காந்தப்பதிவுக்காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஜெர்மனியின் கிருண்டிக் 'ஸ்டெனோரெட்' 1950களில் வந்தது; 1960இல் ஐபிஎம் காந்தப் பெல்ட்டோடு 'எக்ஸிக்யூட்டரி'யைக் கொண்டுவந்தது. தவறிய சொல்லின் மேலேயே சரியானதைப் பேசிவிடலாம். 1967இல் பிலிப்ஸ் வெளியிட்ட மினி-கேசட்டில் டேப்பைச் சீராக இழுக்கும் கேப்ஸ்டன் அச்சுகூட இல்லை. சுருளையே நேராகச் சுழற்றுவதால், அது பருக்கப் பருக்க டேப்பின் வேகம் கூடும். பாட்டுக்கு உதவாது, கடிதத்துக்குத் தாராளம்.

அழியாத பெல்ட் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும் என்பது டல்லாஸில் தெரிந்தது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று, நகரக் காவல்துறையின் வானொலித் தடங்களில் ஒன்று டிக்டாபெல்ட்டில் பதிவாகிக்கொண்டிருந்தது. அதிலுள்ள சில ஒலித்துடிப்புகளைக் கொண்டு, வேறோர் இடத்திலிருந்தும் ஒரு குண்டு பாய்ந்திருக்கக்கூடும் என்று பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு 1979இல் முடிவுகட்டியது. நார்மன் ராம்சே தலைமையிலான அறிவியல் கழகக் குழு 1982இல் அதை மறுத்தது. மற்றொரு தடத்தின் பேச்சு அதே பெல்ட்டில் மங்கலாகக் கலந்திருந்தது. அதோடு ஒப்பிட்டால், அத்துடிப்புகள் கொலைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிந்தியவை. தடம் அழியவில்லை, உண்மைதான். அது எந்தக் கணத்தின் தடம் என்பதைப் பெல்ட்டால் சொல்ல முடியவில்லை.

அதிபர் லிண்டன் ஜான்சனின் தொலைபேசி உரையாடல்களும் பெரும்பாலும் இந்தப் பெல்ட்டுகளில்தான் உள்ளன. தாம் இறந்து 50 ஆண்டுகள் அவற்றைத் திறக்கக்கூடாது என்பது அவர் விருப்பம். அவர் மறைந்தது 1973இல். பிளாஸ்டிக் அதுவரை தாங்குமா என்ற கவலையில், அவர் பெயரிலான நூலகம் 1990களிலேயே அவற்றைத் திறக்கத் தொடங்கியது.