தலித் இறையியலும் விழுப்புரம் வட்டாரத் திருச்சபைகளும்

தலித் இறையியல் என்பது, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு கிறித்தவ நம்பிக்கையை விளக்கும் இறையியல் போக்கு ஆகும். இது 1980களில் இந்தியாவில் உருவானது. இலத்தீன் அமெரிக்காவில் தோன்றிய விடுதலை இறையியலோடு இதற்கு உறவு உண்டு. எனினும் வர்க்கத்தை மட்டுமன்றிச் சாதியையும், சமூகத்தில் உள்ள சாதியை மட்டுமன்றித் திருச்சபைக்குள் உள்ள சாதியையும் கேள்விக்கு உட்படுத்துவது இதன் தனித்தன்மை. தமிழ்நாட்டில் விழுப்புரம், திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பழைய தென் ஆர்க்காடு பகுதி, இவ்விறையியல் எழுப்பும் கேள்விகள் நடைமுறையில் மோதிக்கொண்ட களங்களுள் ஒன்றாகும்.

வட்டாரப் பின்னணி

இப்பகுதியில் மூன்று கிறித்தவ மரபுகள் முதன்மையானவை.

கத்தோலிக்கர்: இப்பகுதி புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கீழ் உள்ளது. புதுச்சேரி 1886இல் உயர்மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போதும் அதனை ஒட்டியும் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையினராக இங்குக் கத்தோலிக்கத்தைத் தழுவினர். வன்னியர் உள்ளிட்ட பிற சாதியினரிலும் கத்தோலிக்கர் கணிசமாக உள்ளனர். ஒரே பங்கில் இரு சமூகத்தினரும் இருப்பது பல ஊர்களின் நிலை.

தென்னிந்தியத் திருச்சபை: 1853இல் ஸ்கடர் குடும்பத்தினர் நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் நிலையங்களுள் ஒன்று திண்டிவனம். 1890 அளவில் இவ்வூரில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகால உதவியின்றி இறந்ததே ஐடா ஸ்கடரை மருத்துவம் பயிலச் செய்தது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அப்பெண்களின் குடும்பத்தார் ஆண் மருத்துவரை ஏற்க மறுத்த பிராமண, இசுலாமிய மற்றும் உயர்சாதிக் குடும்பத்தினர். ஆனால் மிஷனின் கிராமச் சபைகளில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட மக்களே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இச்சபைகள் அதில் இணைந்தன.

ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை: இது டேனிஷ் மிஷன் பணியின் விளைவு. அப்பணியைத் தொடங்கிய கார்ல் ஓக்ஸ் முன்னர் லைப்சிக் மிஷனில் இருந்தவர். திருச்சபைக்குள் சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொள்ளும் அம்மிஷனின் போக்கை எதிர்த்து வெளியேறிய அவர், மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணியை நிறுவினார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது.

திருச்சபைக்குள் சாதி

இப்பகுதியில் திருச்சபைச் சாதிப் பூசலின் வரலாறு பழமையானது. புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1745ஆம் ஆண்டில் சம்பாக் கோயிலில் நடந்த ஒரு பூசலைக் குறிப்பிடுகிறது. கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களுக்கும் பிற சாதிக் கிறித்தவர்களுக்கும் இடையே சுவர் இருந்தது. பறையர் கிறித்தவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டதன் பேரில் அச்சுவர் இடிக்கப்பட்டது. பிற சாதியினர் அதனை எதிர்த்தனர்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தமிழகப் பங்குகள் பலவற்றில் தனி இருக்கை, தனிக் கல்லறை, தனிப் பாடை வண்டி, தலித் தெருவுக்குள் செல்லாத தேர்ப்பவனி ஆகிய வழக்கங்கள் நீடித்தன. இயேசு சபையைச் சேர்ந்த அந்தோனிராஜ் 1992இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கங்களை விரிவாக ஆவணப்படுத்தியது. பாமாவின் கருக்கு வெளிவந்ததும் அதே ஆண்டே.

இறையியலின் தோற்றம்

1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரை இவ்விறையியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதுவரை இந்தியக் கிறித்தவ இறையியல் எனப்பட்டது பெரும்பாலும் வேதாந்தம், பக்தி மரபு ஆகியவற்றோடு உரையாடுவதாக இருந்தது. பிரம்மபாந்தவ் உபாத்யாய், பி. செஞ்சய்யா, ஏ. ஜே. அப்பாசாமி ஆகியோர் அம்மரபினர். இந்தியக் கிறித்தவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகளாக இருக்க, அவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய மரபின் மொழியிலேயே அவர்களது நம்பிக்கையை விளக்குவது முரண் என்பது நிர்மலின் வாதம்.

இதன் முதன்மைக் கருத்துகள்:

* இறைவன் ஒடுக்கப்பட்டோரின் துன்பத்தை வெளியிலிருந்து இரங்கிப் பார்ப்பவர் அல்லர். அத்துன்பத்தில் பங்கு கொள்பவர்.
* ஏசாயா நூலில் வரும் துன்புறும் ஊழியனின் உருவில் இயேசுவைக் காணலாம். அவ்வகையில் இயேசுவும் ஒரு தலித்தே.
* தலித் மக்களின் வேதனையே இறையியல் அறிவின் தொடக்கம். கோட்பாடு அதற்குப் பின்னரே வரும்.

சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் இச்சிந்தனை வளர்ந்த இடங்கள். மதுரைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940-2005), பறட்டை என்னும் பெயரில் அறியப்பட்டவர். நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையை அமைத்தார். எல்லோருக்கும் ஒரே உலையில் சமைத்து உண்ணும் பொதுமையை நற்கருணையின் பொருளாக விளக்கினார். சேர்ந்து உண்ணத் தடை விதிப்பது சாதியின் அடிப்படை ஆதலால், இவ்விளக்கம் கிராமச் சபைகளில் எளிதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வட தமிழகக் கிராமங்களில் திருச்சபைப் பணியாற்றிய சத்தியநாதன் கிளார்க், 1998இல் வெளிவந்த தமது நூலில், இழிவின் அடையாளமாக்கப்பட்ட பறையை கிறித்துவின் குறியீடாக விளக்கினார்.

எறையூர் நிகழ்வு (2008)

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள எறையூர், 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தற்போது உள்ளது. இங்குள்ள ஜெபமாலை அன்னை ஆலயப் பங்கில் வன்னியக் கத்தோலிக்கரும் தலித் கத்தோலிக்கரும் இருந்தனர். ஆலயத்துக்குச் செல்லும் முதன்மைத் தெரு வழியாகத் தங்கள் இறந்தோரைக் கொண்டுசெல்லத் தடை இருப்பதாகத் தலித் மக்கள் முறையிட்டு வந்தனர். அவர்கள் தங்கள் பகுதியில் சகாய மாதா ஆலயத்தை எழுப்பி, அதனைத் தனிப் பங்காக அறிவிக்குமாறு உயர்மறைமாவட்டத்தைக் கேட்டனர்.

2008 மார்ச் மாதம் இக்கோரிக்கைக்காக அவர்கள் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். மார்ச் 9 அன்று தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வு தலித் இறையியலுக்குக் கடினமான கேள்வி ஒன்றை முன்வைத்தது. சாதி அடிப்படையில் பங்கைப் பிரித்தால் திருச்சபையே சாதிக்கு ஒப்புதல் அளித்ததாகும் என்பது ஒரு தரப்பு. ஒரே பங்கில் சமமாக நடத்தப்படாத மக்களிடம் ஒற்றுமையின் பெயரால் பொறுமை கேட்பது, அநீதியை நீட்டிப்பதே ஆகும் என்பது மறுதரப்பு. கிறித்துவின் ஒரே உடல் என்னும் போதனையையே இரு தரப்பும் சான்றாகக் கொள்ள இயலும் என்பது இதன் சிக்கல்.

சட்ட நிலை

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இதனால் தனித்தொகுதிகளில் போட்டியிடுதல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகியன அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஊரில் சேரியில் வாழ்பவர், சட்டத்தின் முன் பட்டியல் சாதியினர் அல்லர்.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணை வெளியான ஆகஸ்டு 10ஆம் நாளைத் தலித் கிறித்தவ அமைப்புகள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

திருச்சபையின் நடவடிக்கைகள்

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத்து பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இந்நிலையை அடைந்த முதல் தலித் இவரே.

திறனாய்வுகள்

தலித் இறையியல் கல்லூரி வகுப்பறைகளில் வளர்ந்த அளவுக்குச் சபை மக்களிடம் சென்று சேரவில்லை என்பது முதன்மையான குறை. பெனியல் ராஜ்குமார் 2010இல் வெளியிட்ட நூல் இந்த இடைவெளியை ஆராய்கிறது. துன்பத்தையே மையமாக்குவதால் மக்களின் கலை, எதிர்ப்பு, மகிழ்ச்சி ஆகியன பின்தள்ளப்படுகின்றன என்றும் கூறப்படுகிறது. தலித் பெண்களின் இரட்டை ஒடுக்குமுறை, அருந்ததியர் போன்றோர் தலித்துகளுக்குள்ளேயே எதிர்கொள்ளும் வேறுபாடு ஆகியன தொடக்கக்கால எழுத்துகளில் போதிய இடம் பெறவில்லை. எறையூர் போன்ற ஊர்களில், ஒடுக்குபவரும் ஒடுக்கப்படுபவரும் ஒரே பீடத்தில் நற்கருணை பெறுவோர் ஆவர். அங்கு ஒரு தரப்பின் விடுதலையோடு மறு தரப்பின் மனமாற்றத்தையும் இவ்விறையியல் பேச வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* விடுதலை இறையியல்
* புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம்
* ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை
* கருக்கு (நூல்)