கப்பலேறிய வீடு

"அப்பா, வீடுகூடக் கப்பல் ஏறுமா?" என்று என் மகன் கேட்டான்.

நாங்கள் அப்பொழுது நின்றுகொண்டிருந்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மாலெய்க் என்னும் சிறு துறைமுகம். கிளாஸ்கோவில் வசிக்கும் என் தங்கையின் கணவர், தம் மோட்டாருக்குப் பின்னால் ஒரு சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு எங்களையெல்லாம் ஸ்கை தீவுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அதைக் 'காரவான்' என்கிறார்கள். உள்ளே அடுப்பு உண்டு, படுக்கை உண்டு. என் மனைவி பத்திரமாகக் கொண்டுவந்த புளிக்காய்ச்சலுக்கும் ஒரு மூலை உண்டு. கப்பல் வாயைத் திறந்தது. மோட்டாரும் வீடும் உள்ளே போயின. சற்று நேரத்தில் எதிர்க்கரையில் ஆர்மடேல் துறையில் இறங்கிவிட்டோம்.

இந்தச் சக்கர வீட்டுக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. அவரும் என்னைப் போல் கதை எழுதிப் பிழைத்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று பெயர். கடற்படையில் டாக்டராக இருந்துவிட்டு, பிறகு சிறுவர்களுக்கு வீரதீரக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டல் நகரில் ஒரு வண்டி செய்வித்து, அதற்கு 'வாண்டரர்' என்று நாமகரணம் செய்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து வடக்கே இன்வர்னெஸ் வரை போனார். வண்டியோ பெரிது, சாலையோ குறுகல். ஆகவே அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாராம். பிழைப்புக்காக அல்லாமல் உல்லாசத்துக்காகவே வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கத்தை இவரிடமிருந்து தொடங்குவார்கள்.

மோட்டார்கள் இத்தீவுகளுக்குச் சுலபமாகப் போகத் தொடங்கியது மிகவும் பிற்பாடு. முன்பெல்லாம் பல துறைகளில் காரைப் பாரந்தூக்கியால் தூக்கித்தான் கப்பலில் வைப்பார்கள். 1964-ல் ஹெப்ரிடீஸ், கிளான்ஸ்மன், கொலம்பா என்று 3 புதிய கப்பல்கள் வந்தன. காரை உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். மாலெய்க் வழி கிளான்ஸ்மனுக்கு வாய்த்தது.

தீவுக்காரர்கள் எல்லாரும் இதைப் பூரண கும்பம் வைத்து வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். 1965-ல் கைல் ஜலசந்தியில் ஞாயிற்றுக்கிழமையும் படகு விட்டபோது, ஓய்வுநாள் கெடுகிறதே என்று ஒரு பாதிரியார் துறையில் கார்களுக்கு முன்னால் படுத்துவிட்டார். 1995-ல் அதே இடத்தில் பாலம் வந்தது. உடனே சுங்கமும் வந்தது. ஜனங்கள் கட்ட மறுத்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், தண்டனையும் பெற்றார்கள். கடைசியில் 2004 டிசம்பரில் சுங்கம் ஒழிந்தது.

வருகிற வழிக்கு இவ்வளவு சண்டையா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. மறுநாள் அந்த வேடிக்கை போய்விட்டது.

பிராட்ஃபோர்டுக்கு அப்பால் ஓர் இடிந்த மாதாகோவில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டில் ஏறி, கடலோரமாகப் போரெரெய்க் என்ற இடத்துக்கு நடந்து போனோம். ஊர் இல்லை. கூரையில்லாத கற்சுவர்கள், பச்சைப் புல், மேயும் ஆடுகள், அவ்வளவுதான். 1853-ல் இங்கும் பக்கத்துச் சூயிஷ்னிஷிலும் இருந்த குடிகளை ஜமீன் வெளியேற்றியது. மனிதர்களைவிட ஆடுகள் லாபம் என்று கண்டுகொண்ட காலம் அது. சூயிஷ்னிஷ் ஜனங்கள் கிழவர்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அழுதுகொண்டே போனதைப் பூகர்ப்ப சாஸ்திரியான ஆர்ச்சிபால்டு கெய்க்கி பார்த்து எழுதியிருக்கிறார். இப்படி வெளியேறியவர்களில் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். 1852 கடைசியில் இத்தீவுகளின் மக்களை ஏற்றிச் சென்ற 'ஹெர்குலிஸ்' கப்பலில் வைசூரி கண்டது. 1841-ல் ஸ்கையில் சுமார் 23,000 பேர்; இன்று சுமார் 10,000 பேர்.

பணிந்து போனதோடு கதை முடியவில்லை. 1882-ல் பிரேஸ் கிராமத்தார் பென் லீ மலையின் மேய்ச்சல் உரிமைக்காகக் குத்தகை கட்ட மறுத்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸார் வந்தார்கள். ஆண்களோடு பெண்களும் கல்லெடுத்து நின்றார்கள். மறு வருஷம் விசாரணைக் கமிஷன் வந்தது. 1886-ல் சட்டமும் வந்தது. குத்தகை ஒழுங்காகக் கட்டுகிற குடியானவனை நிலத்திலிருந்து கிளப்பக்கூடாது என்று ஆயிற்று. போரெரெய்க்காருக்கு அது 33 வருஷம் தாமதம்.

திரும்பும்போது மகன் கையில் ஒரு கல் இருந்தது, ஞாபகார்த்தமாம். என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

"வேண்டாம்டா கண்ணா. இது யார் வீட்டுக் கல்லோ" என்றாள்.

அவன் ஓடிப்போய் அதைச் சுவரின் மேல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.