பேரளம் – காரைக்கால்: 23 கிலோமீட்டரும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டும்

'பார்க் அண்ட் ரைடு' என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி பேசுகிறோம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சொந்த வண்டி, அதை அங்கே விட்டுவிட்டு மிச்ச தூரத்துக்கு ரயில். நம்ம டெல்டாவில் இதற்கு ரொம்ப நாளாகவே பேர் உண்டு: சைக்கிள் ஸ்டாண்டு. காரைக்கால் ரயிலின் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்த ஸ்டாண்டுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலம் வைத்திருப்பவர்களிடம் ரூபாய்க்கு 3 பை வீதம் ரயில்வேக்கென்றே தனி செஸ் வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு ரயில் பாதை போட்டார்கள். 1894-ல் வண்டி ஓடியது. அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன் பேரளம்.

பேரளத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் அப்போது வேறு நாடு. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நாலு வருஷம் கழித்து, 1898-ல், பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு மீட்டர் கேஜ் கிளைப் பாதை வந்தது. நீளம் சுமார் 23 கிலோமீட்டர்தான். பாதை பிரெஞ்சு இந்திய அரசுடையது, வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. இரண்டு அரசுகள் ஒத்துழைத்தால்தான் நடக்கும் காரியம், நடந்தது!

1954-ல் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. எல்லை போன பிறகு ரயில் இன்னும் செழித்திருக்க வேண்டும் இல்லையா? நடந்தது நேர்மாறு. 1980களின் கடைசியில், வருமானம் போதவில்லை என்று பாதையை மூடிவிட்டார்கள்.

இந்த 'வருமானம்' என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கிளைப் பாதையின் கணக்கை எப்படிப் பார்ப்பது? திருநள்ளாறில் ஏறி சென்னை வரை போகிறவர் கிளையில் கடப்பது இருபது கிலோமீட்டருக்குள். மிச்சமெல்லாம் பெரிய பாதை. கிளையை மட்டும் தனியாக எடைபோட்டால் அது எப்போதும் நஷ்டம்தான். ஆனால் கிளையை வெட்டினால் அவர் பேரளம் வரை பஸ்ஸில் வந்து ரயில் பிடிக்கப் போவதில்லை, சென்னைக்கே பஸ்ஸில் போய்விடுவார். பெரிய பாதையும் ஒரு பயணியை இழக்கிறது.

2011 டிசம்பரில் காரைக்காலுக்கு ரயில் திரும்பியது. ஆனால் வடக்கே இல்லை, தெற்கே, நாகூரிலிருந்து. துறைமுகத்து நிலக்கரிக்கு அது நல்ல வழி. மாயவரம் போகிறவருக்கு? மேப்பை எடுத்துப் பாருங்க. நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுற்றித்தான் பேரளம் வரணும். நேரே 23 கிலோமீட்டர், சுற்றினால் 60-க்கு மேல். தினமும் வேலைக்கோ காலேஜுக்கோ போகிற யாரும் இந்த வழியை எடுக்க மாட்டார்கள்.

பழைய பேரளம் தடத்தில் மறுபடியும் அகலப் பாதை போட்டு, 2025-ல் சோதனை ஓட்டமும் பார்த்துவிட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் தண்டவாளம் பாதி வேலைதான். அம்பகரத்தூர் பக்கம் வயலுக்கு நடுவில் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எப்படி வருவது? 1898-ல் மாட்டு வண்டி, இன்றைக்கு டூவீலர். அதை நிழலில், பூட்டி, ராத்திரி வரை பயமில்லாமல் விட ஒரு இடம் வேண்டும். காலையில் மாயவரம் போய்ச் சேரவும் சாயங்காலம் திரும்பவும் தோதான நேரத்தில் வண்டி வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், ஜனங்கள் அதே டூவீலரில் ஸ்டேஷனைத் தாண்டி நேரே மாயவரத்துக்கே போய்விடுவார்கள்.

இது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லை. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறில் கூட்டம் குவியும்போது, வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தவைத்து, அங்கிருந்து பஸ்ஸில் கோயிலுக்கு அனுப்புகிறார்கள். இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை செய்யத் தெரிந்ததைத் தினமும் ஸ்டேஷன் வாசலில் செய்யணும், அவ்வளவுதான். இல்லையென்றால் இன்னும் சில வருஷம் கழித்து யாராவது கணக்கைப் பார்த்து மறுபடியும் 'வருமானம் போதவில்லை' என்று எழுதுவார்கள். அந்த வாக்கியம் இந்தப் பாதைக்கு ஒரு தடவை போதும்.