எம்ஜிபி மகிழுந்தும் அதன் பேட்டரியும்

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி விளையாட்டு மகிழுந்தில், முன்மூடியைத் திறந்து பேட்டரியைத் தேடிப் பயனில்லை. அது இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருக்கிறது. தொடக்கத்தில் அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று நலிந்தாலும் வண்டி கிளம்பாது. 1974 இறுதியில் ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது. பழைய வண்டிக்காரர்கள் பலரும் இன்று அதையே நாடுகின்றனர். ஆனால் அந்தக் குறுகிய பெட்டிக்குள் எல்லா அளவும் அடங்குவதில்லை.

அளவைவிட முனையே பெரிய சிக்கல். 1967 வரை இவ்வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருந்தது. அவ்வாண்டு டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தபோது எதிர்முனைக்கு மாற்றினர். முந்தைய வண்டிகள் சிலவற்றையும் உரிமையாளர்கள் பின்னாளில் அப்படி மாற்றியுள்ளதால், தயாரிப்பு ஆண்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் முனை மாறினால் அதன் டையோடுகள் நொடியில் கருகிவிடும்.