வன்னியும் துவக்கும்

வன்னி நாட்டிலே துப்பாக்கிக்கு வழங்கும் பெயர் துவக்கு என்பதாகும். துப்பாக்கி, துவக்கு, சிங்களத்தில் வழங்கும் துவக்குவ என்னும் மூன்றும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை. சொல் கடல் கடந்து வந்தது போலவே கருவியும் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தபோது, அவருடைய பீரங்கியின் முழக்கம் கோட்டை அரசனின் அவையிலே பெருவியப்பாகப் பேசப்பட்டதென இராசாவலிய என்னும் நூல் கூறும். வியந்தவர்கள் வியப்போடு நின்றுவிடவில்லை. 1596இல் வெளிவந்த தம் பயண நூலிலே, ஒல்லாந்தராகிய லின்ஸ்கோட்டன், இலங்கைக் கொல்லர் செய்த துப்பாக்கிக் குழல்களின் வேலைப்பாட்டைப் பெரிதும் பாராட்டியுள்ளார். நூறாண்டு நிறையுமுன் மாணவர் ஆசிரியரை எட்டிப் பிடித்துவிட்டனர்.

கண்டி நாட்டுக் கம்மாளர் செய்த துவக்குகள் இன்றும் நூதனசாலைகளிலே காணத்தக்கவை. அவற்றின் விசைப்பொறி பெரும்பாலும் குழலின் இடப்புறத்தே அமைந்திருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும். வெள்ளியும் பித்தளையும் தந்தமும் இழைத்திருக்கும். கால் நிறுத்தி வைத்துச் சுடும் சிறு பீரங்கியொன்றும் அவர்களிடம் இருந்தது. அதனைக் கொடித்துவக்கு என்பர்.

இவற்றின் அருகிலே ஆங்கிலேயப் படைவீரனின் துப்பாக்கியை வைத்தால் அது ஏழையின் பொருள் போலத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலேயர் பெருந்தொகையாக வாங்கிய இந்திய மாதிரித் துப்பாக்கி, கிழக்கிந்தியக் கம்பனி செலவைக் குறைக்கும் பொருட்டு வகுத்தது. முந்திய மாதிரியின் குழல் 42 அங்குலம். இதன் குழல் 39 அங்குலம். அழகு வேலை எதுவும் இல்லை. ஆயினும் அதற்கு ஒரு சிறப்பு இருந்தது. குழலின் உள்விட்டம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். குண்டோ அதனினும் சிறிது குறைந்தது. ஒரு றாத்தல் ஈயத்தில் ஏறக்குறைய 14 குண்டுகள் வார்க்கலாம். மருந்தையும் குண்டையும் சேர்த்துக் கட்டிய காகிதத் தோட்டா, படையிலுள்ள எந்த வீரனின் துப்பாக்கிக்கும் பொருந்தும். குழலிலே கரி படிந்தாலும் தளர்ந்த குண்டு உள்ளே இறங்கும். அத்தளர்ச்சியால் குறி கெடும் என்பது உண்மை. நூறு யாருக்கு அப்பால் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்துதல் அரிது.

கையால் அடித்த துவக்கின் நிலைமை வேறு. ஒவ்வொரு குழலும் தனக்கென ஓர் அளவுடையது; ஆகவே தனக்கென ஒரு குண்டச்சும் வேண்டுவது. அயலான் தந்த குண்டு பெரிதாயின் உள்ளே இறங்காது. மிகச் சிறிதாயின் மருந்தின் விசை பக்கத்தால் ஒழுகிப்போகும். மருந்து மிகுந்தால் குழலே வெடிக்கும். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை மலைநாட்டுக் குகைகளில் எடுத்தனர் என்பதை ஜோன் டேவி என்னும் மருத்துவர் 1821இல் எழுதிய நூலிலே காணலாம். கந்தகமோ கடல் வழியே வரவேண்டியது. கடற்கரை முழுவதும் அந்நியர் கையில் இருந்தது.

1803ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை இப்பின்னணியில் நோக்குதல் தகும். அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி ஆங்கிலேயரின் காவற்படையை வெளியேற்றினான். தளபதி டிறிபேர்க் கடல் வழியே யாழ்ப்பாணம் சென்றான். ஒக்டோபர் 31ஆம் நாள் அதே டிறிபேர்க், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே வன்னியனைத் தோற்கடித்தான். துப்பாக்கியின் உயர்வே வெற்றி தந்தது என்று சொல்லுதல் பொருந்தாது. ஆகஸ்டில் ஓடிய படையும் அதே துப்பாக்கியைத்தான் ஏந்தியிருந்தது. அடர்ந்த காட்டிலே பார்வை நீளாத இடத்தில் துப்பாக்கியின் எட்டம் பயனற்றது. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் படை புறப்படக்கூடியவனுக்கு, ஓரளவான குண்டும் உலர்ந்த மருந்தும் கப்பலில் வந்துகொண்டே இருக்கும். காட்டிலே போரிடுபவனுக்குத் தீர்ந்த மருந்து தீர்ந்ததுதான். கொல்லனின் கைத்திறம் குறைந்தமையாலன்று, கொல்லனுக்குப் பின்னே களஞ்சியம் இல்லாமையாலேயே சுதேசத் துவக்கு தோற்றது எனலாம்.

அதன்பின் ஆங்கிலேயரின் துப்பாக்கி யானையின்மேற் திரும்பியது. யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கம் பரிசு வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதென எமேசன் தெனென்ற் எழுதியுள்ளார். அக்காலத்திலே இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பருத்த விலங்குக்குப் பருத்த குண்டும் மிகுந்த மருந்துமே வேண்டும் என்று வாதித்தவர். பிரிஸ்டல் நகரத்திலே செய்யப்பட்ட அவருடைய வரித்துப்பாக்கி 21 றாத்தல் நிறையுடையது. அதன் குண்டு நாலு அவுன்சு. பொருந்தாத குண்டு விலங்கைக் கொல்வதில்லை, புண்படுத்தியே விடும் என்பது வேட்டைக்காரர் கண்ட பாடம்.

அப்பாடத்தின் துன்பத்தை அனுபவித்தவன் வன்னிக் கமக்காரன். அவன் கையில் இருந்தது வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கு. பன்றிக்கு அதன் சன்னம் போதும், யானைக்குப் போதாது. தோலுள் தங்கிய ஈயம் புரையோட, நோவினால் வெகுண்ட யானை ஊருக்குள்ளே திரும்பும். காட்டுப்பாதையிலே நூல் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கோ விலங்கென்றும் மனிதனென்றும் பாராது. 1916ஆம் ஆண்டின் சுடுகலக் கட்டளைச் சட்டமும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் துவக்கை அனுமதிப் பத்திரத்துக்கும் யானையைப் பாதுகாப்புக்கும் உட்படுத்தின.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே வன்னி கண்ட ஆயுதங்களின் கதை தனியானது. அதனை அறியாதார் எவருமிலர். இன்று வயலோரக் காவற் பரணில் இருக்கும் கமக்காரனுக்கு வனவிலங்குத் திணைக்களம் கொடுப்பது யானை வெடி. அதில் ஈயமும் இல்லை, சன்னமும் இல்லை. ஓசை மட்டுமே உண்டு. நெல்லைக் காப்பதற்கும் யானையை உயிரோடு காட்டுக்குத் திருப்புவதற்கும் அவ்வோசை எப்போதும் போதுவதில்லை. ஆயினும் கொல்லும் நோக்கம் சிறிதும் இல்லாத வெடி அது.